அடையாளத் திருட்டில் நட்டம் யாருடையது? வங்கி வாடிக்கையாளருக்கு ஒரு கையேடு

வங்கிக் கணக்கிலிருந்து தாம் அறியாமல் பணம் போனவர்கள் முதலில் கேட்பது, "பணம் திரும்பக் கிடைக்குமா?" என்பதுதான். திருடன் பிடிபட்டால்தான் கிடைக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கு அலைவதிலேயே முதல் சில நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளோ வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. ரகசிய விவரம் யார் வழியாக வெளியே போனது? பணம் போனதை வாடிக்கையாளர் வங்கிக்கு எப்போது தெரிவித்தார்? முதல் கேள்விக்கான விடை ஓரளவே நம் கையில் இருக்கிறது. இரண்டாவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால்தான் பாதுகாப்பு முறைகளைப் பின்னால் வைத்து, பொறுப்பு யாருடையது என்பதை முதலில் எழுதுகிறேன்.

அடையாளத் திருட்டு பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகிறது. ஏற்கெனவே உள்ள உங்கள் கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ பணத்தை எடுப்பது ஒன்று. உங்கள் ஆதார், பான் விவரங்களைக் கொண்டு உங்கள் பெயரில் புதிதாகக் கடன், சிம் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு போன்றவற்றைப் பெறுவது இன்னொன்று. இரண்டுக்கும் விதிகள் வேறு, அணுக வேண்டிய இடங்களும் வேறு.

கணக்கிலிருந்து பணம் போனால்

இதற்கு அடிப்படை, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்புக்கு அது வரம்பு கட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும், 2019 ஜனவரியில் மின்பணப் பைகளுக்கும் (வாலட்) இதே போன்ற விதிகள் வந்தன.

தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் எப்போது புகார் செய்தாலும், ஏன், புகாரே செய்யாவிட்டாலும்கூட, உங்களுக்குப் பொறுப்பு இல்லை. தவறு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல, இடையில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் முழுத் தொகையும் வங்கியின் பொறுப்பு. ஏ.டி.எம். இயந்திரத்தில் யாரோ பொருத்திய கருவி உங்கள் அட்டையை நகலெடுத்தது, பொருள் வாங்கிய நிறுவனத்திலிருந்து அட்டை விவரம் கசிந்தது ஆகியவை இந்த வகையில் வரும். 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நட்டத்தில் ஒரு பகுதி உங்களுடையது. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அது ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய்; 5 லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கடன் அட்டைக்கு 25,000 ரூபாய். ஏழு வேலை நாட்களும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். அந்தக் கொள்கை வங்கியின் இணையதளத்தில் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி இந்த விதிகளை அவ்வப்போது திருத்துவதால், பணம் போகும் முன்பே அதை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

நாள் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கணக்கு உள்ள கிளையின் வேலை நாட்கள் மட்டுமே சேரும். ஒரு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு, உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சனியும் ஞாயிறும் வங்கிக்கு விடுமுறை. திங்கள் முதல் நாள், புதன் மூன்றாம் நாள். புதன்கிழமைக்குள் தெரிவித்திருந்தால் 40,000 ரூபாயும் திரும்ப வர வேண்டும். வியாழக்கிழமை தெரிவித்திருந்தால் 10,000 ரூபாய் உங்களுடையது, 30,000 ரூபாய் வங்கியுடையது. போனது 6,000 ரூபாய் மட்டுமே என்றால், வரம்பு அதைவிடப் பெரியது என்பதால், அந்த 6,000 ரூபாயும் உங்களுடையதாகிவிடும். 40,000 ரூபாய் வீதம் இரண்டு முறை எடுத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் 10,000 ஆக 20,000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். விடுமுறையை நம்பிக் காத்திருக்கச் சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. "ஐந்து நாள் கழித்து வந்திருக்கிறீர்களே" என்று கிளையில் யாரேனும் சொன்னால், நாட்காட்டியை எடுத்து வைத்துப் பேச இது உதவும்.

இனி, எல்லோரும் அஞ்சும் ஓ.டி.பி. ஓ.டி.பி., பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றை நீங்களே பிறரிடம் சொல்லியிருந்தால் அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நட்டம் முழுவதும் உங்களுடையது. ஆனால் தெரிவித்த நொடிக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள், அந்த ஒரு மணி நேரத்தின் நட்டத்தையும் தம் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விதி உங்களுக்குச் சாதகமானது, ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியின் மீது இருக்கிறது. "ஓ.டி.பி. போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்" என்று வங்கி எழுதும் பதில் ஊகமே தவிர, மெய்ப்பித்தல் ஆகாது. அசாமைச் சேர்ந்த பாரத ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் ஒருவர், இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, கடையின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிப் பேசியவரால் 2021 அக்டோபரில் 94,204 ரூபாயை இழந்தார். உடனே புகாரும் செய்தார். கௌஹாத்தி உயர் நீதிமன்றம் வங்கியையே பொறுப்பாக்கியது. வங்கியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 3 அன்று தள்ளுபடி செய்தது. அவர் ஓ.டி.பி.யைப் பகிர்ந்ததாக வங்கியால் நிறுவ முடியாததும், அவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்ததும் அந்த வழக்கில் எடை பெற்றன.

முதல் ஒரு மணி நேரம்

வங்கியின் இலவச எண்ணுக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். தேடலில் மேலே வருவது மோசடிக்காரரின் எண்ணாகவே இருக்கலாம். அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிடப்பட்ட எண்ணே நம்பத்தக்கது. அட்டை தொலைந்தால் எண்ணும் அதோடு போய்விடும் என்பதால், இன்றே அதைக் கைப்பேசியில் பதிந்து, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். பரிவர்த்தனைக் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பியே ஆட்சேபம் தெரிவிக்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று மேற்சொன்ன சுற்றறிக்கை கூறுகிறது. புகார் எண்ணையும், அது பதிவான தேதி நேரத்தையும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னால் தேதி, மணி, பேசியவர் பெயர் ஆகியவற்றோடு எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு "எப்போது தெரிவித்தீர்கள்" என்ற கேள்வி எழும்போது, அந்தத் துண்டுத்தாளைவிட மதிப்புள்ள ஆவணம் உங்களிடம் இருக்காது.

அடுத்து 1930. இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையவழிக் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நடுவழியில் நிறுத்துவதுதான் இதன் வேலை; ஆகவே இங்கே நிமிடங்கள்தான் கணக்கு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பிறகு தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில் புகாரை அன்றே முழுமையாகப் பதிவு செய்யுங்கள். 1930-க்கு அழைத்தது வங்கிக்குத் தெரிவித்ததாகும் என்று எண்ணி ஒன்றை விட்டுவிட வேண்டாம். வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் வங்கிக்கும் மற்றவர் 1930-க்கும் ஒரே நேரத்தில் அழைக்கலாம். தனியாக இருந்தால் வங்கிக்கு முதலில் அழைப்பதே சரி என்பது என் கருத்து. போனதைத் துரத்துவதற்கு முன் கதவைச் சாத்த வேண்டும்.

மறுநாள் கிளைக்கு நேரில் சென்று எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இன்ன தேதி, இன்ன நேரத்தில் என் கணக்கிலிருந்து இன்ன தொகை என் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டது. இன்ன நேரத்தில் தொலைபேசி வழியாகத் தெரிவித்தேன். புகார் எண் இது. இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை. வாடிக்கையாளர் பொறுப்பு பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி தொகையை என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன்" என்று ஐந்தாறு வரிகள் போதும். அழுகையும் கோபமும் கடிதத்துக்குள் வர வேண்டாம். குறிப்பாக, "தெரியாமல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது" என்பது போன்ற நிச்சயமில்லாத வாக்கியங்களை எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதுங்கள். உண்மையிலேயே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் தெரிவித்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பொறுப்பு யாருடையது என்பதை 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கெடுவுக்குள் முடிவு செய்ய முடியாவிட்டால், மேலே சொன்ன வரம்புகளின்படி வாடிக்கையாளருக்குப் பணம் தந்தாக வேண்டும்.

காவல்துறையைப் பொறுத்தவரை, பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளக் கூறையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவின்படியும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்படியும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகாவிட்டாலும், புகார் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். திருடனின் கணக்கில் பணம் முடக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற நீதித்துறை நடுவரிடம் மனு செய்ய அந்த எண் தேவைப்படும்.

உங்கள் பெயரில் வாங்கப்பட்ட கடன்

இது ஓசையில்லாமல் நடப்பது. குறுஞ்செய்தி வராது, கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஓராண்டு கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் கேள்விப்பட்டே இராத நிறுவனத்தில் தவணை கட்டாதவர் என்று உங்கள் பெயர் இருப்பது தெரியவரும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, உங்கள் பெயரில் உள்ள கடன்களைப் பட்டியலிடும் கடன் தகவல் அறிக்கையைப் பார்ப்பது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்குவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகிவிடும்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மதிப்பெண் இங்கே முக்கியமன்று. கடைசிப் பக்கங்களில் 'விசாரணைகள்' என்ற பகுதி இருக்கும். எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தன என்ற பட்டியல் அது. நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ உங்கள் பான் எண்ணோடு அங்கே போயிருக்கிறார் என்று பொருள். முகவரி, தொலைபேசி எண் பகுதியையும் பாருங்கள். நீங்கள் குடியிருந்திராத ஊரின் முகவரி அதில் ஏறியிருந்தால், கடன் இன்னும் வராவிட்டாலும் மோசடி வேலை தொடங்கிவிட்டது.

தவறான பதிவைக் கண்டால் கடன் தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் விண்ணப்பம், அதோடு இணைத்த புகைப்படம், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் ஆகியவற்றின் நகலைக் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள். புகைப்படத்தில் இருப்பவர் நீங்கள் அல்லர், பணம் வந்த கணக்கும் உங்களுடையது அன்று என்று காட்டிவிட்டால் மீதிப் பேச்சு சுருங்கிவிடும். நீங்கள் கையொப்பமிடாத ஒப்பந்தம் உங்களைக் கட்டாது.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வசூல் முகவரின் தொல்லை தாங்காமல், சிறு தொகைதானே என்று ஒரு தவணையைக் கட்டிவிடுகிறார்கள். அதையே கடனை ஒப்புக்கொண்டதற்கான அடையாளமாக எதிர்த்தரப்பு பின்னர் காட்டும். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறி வரும் அழைப்புகளைக் குறித்து வைத்துப் புகாரில் சேருங்கள்.

பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. பதிவு செய்து, கூலித் தொழிலாளிக்கு லட்சக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால் அதன் பெயரில் உள்ள பதிவுகள் தெரியும். இரண்டு நிமிட வேலை. உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம்.

கசியும் இடங்கள்

மோசடிக்காரர்கள் பெரிய நிறுவனங்களின் கணினிகளை உடைத்துத்தான் நம் விவரங்களை எடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் ஆதார் படத்தைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் அதைக் கணினியில் இறக்கி, அச்செடுத்துக் கொடுக்கிறார். படம் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. மங்கலாக விழுந்த நகல் மேசைக்கடியில் உள்ள அட்டைப்பெட்டிக்குப் போகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கணினியில் நாளைக்கு யார் உட்காருவார் என்பது அவருக்கே தெரியாது. அனுப்பியே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கி அனுப்புங்கள். அச்செடுத்ததும் வாட்ஸ்அப்பில் 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்துவதோடு நிறுத்தாமல், கணினியில் உள்ள கோப்பையும் உங்கள் கண் முன் நீக்கச் சொல்லுங்கள். காகித நகலைக் கொடுக்கும்போது அதன் குறுக்கே, எழுத்துகள் மேலேயே படும்படி, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்த நகலைக் கொண்டு இன்னொரு இடத்தில் சிம் வாங்குவது கடினமாகும்.

கைரேகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓ.டி.பி. இல்லாமலே சிறு கருவி ஒன்றில் பணம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் உள்ள விரல் பதிவுகளை எடுத்து, சிலிக்கோன் அச்சு செய்து, அதே வழியில் பணம் எடுத்த வழக்குகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ தளத்திலோ கைரேகை உள்ளிட்ட உயிரியளவுத் தகவலைப் பூட்டி வைத்தால் இந்த வழி அடைபடும். பூட்டிய பின் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது. வரிசையில் நிற்கும்போதே செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். பாட்டியைக் கடைக்கு அனுப்பும் வீடுகளில் இதைச் சொல்லாமல் பூட்டிவிட்டால், அரிசி வாங்காமல் திரும்பி வந்து அவர் உங்களை ஒரு பிடி பிடிப்பார்.

கைப்பேசியில் திடீரென்று சிக்னல் போய், சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் இருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் வாங்கியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து சிம் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் உடனே அழையுங்கள். வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்துதல் போன்றவற்றைத் தேவையில்லாதபோது அணைத்து வைக்கலாம். எண்ணை மாற்றினால் வங்கியில் அன்றே மாற்றுங்கள். பழைய எண்ணுக்குப் போகும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

வங்கி மறுத்தால்

வங்கி மறுத்தாலோ, 30 நாட்களில் பதிலே தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையவழியில் முறையிடலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. தொகை பெரிதாக இருந்து, வங்கியின் பாதுகாப்புக் குறைபாடே காரணம் என்று கருதினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரி மனு செய்யலாம். இந்த வழியை நாட்டுக்குக் காட்டியது தமிழ்நாடுதான். தூத்துக்குடியில் தனியார் வங்கிக் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை செய்த ஒருவர், வங்கியிலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்தபோது, அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தருமாறு 2010 ஏப்ரலில் இங்குள்ள செயலர் அந்த வங்கிக்கு உத்தரவிட்டார். ஏமாந்தவர் வாடிக்கையாளரே ஆனாலும், வங்கி எடுத்திருக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகள் என்ன என்ற கேள்வி அங்கே எழுப்பப்பட்டது.

உங்கள் தகவலைக் கசியவிட்ட நிறுவனம் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும். விவரம் கசிந்தவருக்கு அதில் பங்கு இல்லை.

கடைசியாக, திருட்டு போகாமல் தானே கொடுத்துவிடும் அடையாளம். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு இரண்டாயிரம்" என்று கல்லூரி மாணவர்களிடமும் வேலை தேடுபவர்களிடமும் கேட்கிறார்கள். சிலர் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, சிம் மூன்றையும் சேர்த்தே வாடகைக்குக் கேட்கிறார்கள். இன்னொருவரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும்போது, காவல்துறையின் பார்வையில் முதலில் நிற்பவர் கணக்கின் சொந்தக்காரர்தான். கணக்கு முடக்கப்படும், அழைப்பாணை வேறு மாநிலத்திலிருந்துகூட வரும். மேலே சொன்ன எந்த வரம்பும் அவருக்கு உதவாது, ஏனெனில் அந்த விதிகள் எல்லாம் ஒப்புதல் இல்லாமல் நடந்ததற்கு மட்டுமே. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், பணம் வரும் வரை காத்திராமல், கணக்கை முடக்கும்படி இன்றே வங்கிக்கு எழுதி, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.